தூக்கச் சொன்ன பிள்ளை

வைரஸ் காய்ச்சலில் வாரக்கணக்காக ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தவர் ஞானதுரை. எடை பழையபடி ஏறிவிட்டது.

"ஆளு நல்லா தேறிட்டீரே" என்றார்கள் பார்த்தவர்கள்.

தேறியது தொப்பை மட்டும்தான். தொடைச் சதை வற்றியது வற்றியதுதான்.

ஒரு மதியம், தரையில் உட்கார்ந்திருந்த அவர் மடியிலேயே மகள் தூங்கிப்போனாள்.

"பிள்ளையக் கட்டில்ல கொண்டு கிடத்துங்க" என்றாள் மனைவி பியூலா.

மகளை அணைத்தபடி எழப் பார்த்தார். கால்கள் நடுங்கினவே தவிர உடம்பு எழும்பவில்லை.

"இன்னுங் கொஞ்சம் தூங்கட்டும்" என்றார்.

பியூலாவுக்குப் புரிந்தது. பிள்ளையை வாங்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டு, அவர் முதுகோடு முதுகு சாய்த்து உட்கார்ந்தாள்.

விழித்த மகள் அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"தூக்குங்கப்பா."

அவர் மூச்சைப் பிடித்தார். பின்னால் பியூலா காலைத் தரையில் ஊன்றி, முதுகால் மெல்ல உந்தத் தொடங்கினாள்.