இருநூற்றுப் பத்தாம் பக்கம்

“வாய் புளிச்சதோ மாங்கா புளிச்சதோன்னு எழுதிட்டார் சார் உங்க விமர்சகர். என் கதையில மனைவி செத்துப் போறா. இவர் என்னடான்னா, ‘அவள் பிழைத்து வீடு திரும்பும் கடைசி அத்தியாயம் அபாரம்’னு எழுதியிருக்கார்.”

எழுத்தாளர் கத்தியதில் நியாயம் இருந்தது. ஏழு துப்பறியும் நாவல், இரண்டு பேய்க் கதை என்று காலத்தை ஓட்டியவர், ஐந்து வருஷம் உயிரைக் கொடுத்து எழுதிய முதல் குடும்ப நாவல் அது. இப்போது படித்தவனும் சிரிக்கிறான், படிக்காதவனும் சிரிக்கிறான்.

பத்திரிகை ஆசிரியர் ஒரு தாளை நீட்டினார்.

“‘படிக்காமல் எழுதிவிட்டேன், வருந்துகிறேன்.’ இதுல கையெழுத்து வாங்கிட்டு வாங்க. இருபத்தஞ்சு வருஷமா வர்ற அவர் விமர்சனப் பக்கத்தை அடுத்த வாரமே நிறுத்திடறேன்.”

விமர்சகர் வீட்டுக் கதவைத் திறந்தது அவர் மனைவி. கன்னம் ஒட்டி, ஆளே பாதியாக இருந்தாள். எழுத்தாளர் தான் யாரென்று சொன்னதும், வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

“அவர் மேல தப்பில்ல தம்பி. சர்க்கரையில அவருக்குக் கண்ணு போய் ரெண்டு வருஷமாச்சு. ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது. நான் படிச்சுக் காட்டுவேன், அவர் விமர்சனத்தைப் போன்லயே பேசி அனுப்பிடுவார். காதல் கதையோ கொலைக் கதையோ, இதுவரைக்கும் ஒரு வரி மாத்திப் படிச்சதில்ல.”

“என் கதையில மட்டும் ஏம்மா?”

“அதுல வர்றவளுக்கு வந்த நோய்தான் எனக்கும். அவருக்குச் சொல்லலை. இருநூத்துப் பத்தாம் பக்கத்துல அவ சாகறதைப் படிக்க வாய் வரலை தம்பி. பிழைச்சு வர்ற மாதிரி நானா எதையோ சொல்லி முடிச்சிட்டேன். காட்டிக் குடுத்துடாதீங்க.”

எழுத்தாளருக்கு வந்த கோபம் போன இடம் தெரியவில்லை.

உள்ளே, ஜன்னலோர நாற்காலியில் இருந்த விமர்சகர், காலடி கேட்ட பக்கம் கும்பிட்டார். வந்திருப்பது யாரென்று சொல்லிவிட்டு, மனைவி தேநீர் போடப் போனாள். சமையலறையில் பாத்திரச் சத்தம் கேட்கும்வரை அவர் பேசவில்லை.

“சண்டை போட வந்தீங்களா?”

“இல்ல சார், சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு...”

“உங்க கதையில அவ செத்துப் போறா, இல்ல?”

எழுத்தாளர் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“நாப்பது வருஷமாக் கதையோட குடித்தனம் பண்றவன் தம்பி. கொலைகாரன் யாருன்னு முப்பதாம் பக்கத்துலயே சொல்லிடுவேன். அந்தக் கடைசி அத்தியாயம் உங்க நடையில்ல. அவ படிச்சு முடிக்கிறவரைக்கும் ஒரு தடவைகூடப் பக்கம் புரட்டற சத்தம் கேட்கலை. அவ ஏன் மாத்தினான்னு கண்டுபிடிக்கத் துப்பறியும் நிபுணரா வரணும்? கையைப் பிடிச்சா எலும்புதானே இருக்கு.”

“தெரிஞ்சேவா சார் அப்படிப் பேசி அனுப்பினீங்க?”

“பக்கத்துலயே உட்கார்ந்து கேட்டுட்டிருக்கா. நான் என்ன பண்ணுவேன்? அவளா வாயைத் திறக்கிறவரைக்கும் ஏமாந்தவனாவே இருந்துட்டுப் போறேன். உங்க புத்தகத்துக்கு நான் செஞ்சது அநியாயம்தான். ஏதாவது எழுதிக் கொண்டு வந்திருப்பீங்களே, குடுங்க. எங்க கையெழுத்துன்னு விரலை வெச்சுக் காட்டினாப் போதும்.”

எழுத்தாளர் சட்டைப்பைக்குள் கையை விட்டு, அந்தத் தாளை அங்கேயே கசக்கினார்.

தேநீரோடு வந்தவள், இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“என்ன பேசிட்டிருந்தீங்க?”

“அந்தக் கடைசி அத்தியாயத்தைப் பத்திதான்” என்றார் விமர்சகர்.

“ஆமாம்மா” என்றார் எழுத்தாளர். “நான் எழுதினதுலயே அதுதான் நல்லா வந்திருக்கு.”