ஒரே ஒரு படி

வாசலில் ஒரே ஒரு படிதான்.

முழங்கால் உயரக் கருங்கல். அதில் ஏறி இன்னொரு எட்டு வைத்தால் வீடு. சக்கர நாற்காலியில் வந்தவளுக்கு அது மலை.

முந்நூறு வருஷத்துப் பழைய வீடு. எங்கிருந்தோ கல் கல்லாகப் பிரித்து வந்து, இந்தத் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் திரும்பக் கட்டியிருந்தார்கள். உள்ளே அவள் மகள்தான் அந்தக் காலத்து எஜமானி. வேஷம் கட்டிக்கொண்டு தினமும் நடிக்கிறாள். அம்மா ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இன்றைக்குக் கடைசி ஆட்டம். நாளைக்கு மகள் வேறு வேலைக்கு, வேறு ஊருக்குப் போகிறாள்.

மகளையே வெளியே வரச் சொல்லலாமே என்றால், அதுவும் முடியாது. வேஷத்தோடு வாசலைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்த முந்நூறு வருஷமும் கெட்டுப்போய்விடுமாம்.

மேலாளர் நல்ல மனுஷர்தான். ஆனால் எதையும் நாற்காலியைத் தள்ளி வந்த கணவரிடமே கேட்டார். அம்மாவுக்கு வெயில் ஒத்துக்கொள்ளுமா, அம்மாவுக்குத் தண்ணீர் வேண்டுமா என்றெல்லாம். அம்மா அங்கேயேதான் உட்கார்ந்திருந்தாள். காதும் நன்றாகவே கேட்டது.

நாலு பேர் சேர்ந்து தூக்கினால்? பார்வையாளர்களைத் தூக்கக் கூடாதென்று விதி. பலகை போட்டால்? ஐயையோ, கல்லில் கீறல் விழும். கடைசியில் கணவரிடம் ஒரு மனு எழுதி வாங்கிக்கொண்டு, மேலாளர் இயக்குநரைக் கூப்பிட்டார்.

இயக்குநர் மதிலுக்கு அந்தப் பக்கம், தலைமை அலுவலகத்தில் இருந்தார். செந்தமிழ்ப் பித்தர். ‘ஹலோ’ என்றால் போனை வைத்துவிடுவார். மேலாளர் ஸ்பீக்கரைப் போட்டார். தான் பெரிய இடத்தில் பேசுவதை நாலு பேர் கேட்கட்டுமே என்ற ஆசை. வணக்கம் சொல்லி, நெளிந்து, மனு வந்திருக்கிறது, படிதான் இடைஞ்சல் என்று விஷயத்தைச் சொன்னார்.

“உடனே படி எடுத்து அனுப்பி வையுங்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.”

அவ்வளவுதான். போன் அணைந்தது.

மேலாளருக்கே தூக்கிவாரிப்போட்டது. ஆனாலும் மேலிடம் சொன்னால் சொன்னதுதானே! நீங்களும் கேட்டீர்கள் இல்லையா என்று கணவரைச் சாட்சிக்கு இழுத்தார். கணவர் பாவம், தலையாட்டினார்.

கடப்பாரைகள் வந்தன. பலகை பட்டாலே கீறல் விழும் என்ற கல்லை நெம்பிப் பெயர்த்தார்கள். ஆறு பேர் மூச்சைப் பிடித்துத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். படி தலைமை அலுவலகத்துக்குக் கிளம்பியது.

போன பிறகுதான் உறைத்தது. வீடு இடுப்பு உயரத்தில் அந்தரத்தில் நின்றது. இப்போது யாராலும் ஏற முடியவில்லை. தொப்பைக்காரர் ஒருவர் எம்பிப் பார்த்து மூச்சு வாங்கினார். ஒரு வாலிபன் வீராப்பாகத் தாவினான்; கால்சட்டை கிழிந்ததுதான் மிச்சம்.

டிக்கெட் வாங்கியவர்கள் சத்தம் போட்டார்கள். வேறு வழியில்லாமல் ஆட்டத்தை வாசலிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார் மேலாளர். மகள் விளிம்பு வரைக்கும் வந்து நின்றாள். தாண்டவில்லை; முந்நூறு வருஷம் தப்பித்தது.

எல்லோரும் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்கள். அம்மா எல்லோருக்கும் முன்னால் இருந்தாள். மகள் சாவிக்கொத்தை ஆட்டி ஆட்களை அதட்டினாள், புருஷனை ஏசினாள், போருக்குப் போன பிள்ளைக்காக அழுதாள். என் பெண்ணா இது என்று அம்மாவுக்கு மனசு பூரித்துப்போனது. அவளும் கூடச் சேர்ந்து அழுதாள்.

கைதட்டல் ஓயுமுன் போன் அடித்தது. இயக்குநர் மதிலுக்கு இந்தப் பக்கமே கேட்கும்படி கத்தினார். அவர் கேட்டது மனுவின் படி. அதாவது ஜெராக்ஸ். மேசைமேல் கருங்கல்லைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்களாம். மேசை உடைந்துவிட்டதாம்.

மகள் விளிம்பில் மண்டியிட்டு, அம்மாவின் காதருகே குனிந்தாள்.

“ஏம்மா, கோர்ட்டுல காலம்பூரா படி எடுக்குற செக்‌ஷன்லதானே இருந்தே? உனக்குக்கூடவா புரியலை?”

“அவர் சொன்னதுமே புரிஞ்சுது,” என்றாள் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “என்னை யாரு கேட்டா?”