மைக் வந்த பிறகு

அந்த ஆன்லைன் விளையாட்டில் இனி மைக்கிலேயே பேசிக்கொள்ளலாம் என்று அப்டேட் வந்து ஒரு மாதம் ஆகிறது. அன்புசெல்வன் டீமில் நாலு பேர் டைப் அடிக்கும் பெட்டியை அன்றே மூடிவிட்டார்கள். ஐந்தாமவன் சஹாபுதீன் மட்டும் வாயே திறக்கவில்லை. "பின்னாடி வாடா" என்று அன்பு கத்தக் கத்த முன்னால் போய், நேற்று மொத்த டீமையும் தோற்க வைத்தான்.

முகம் பார்க்காமலே இரண்டு வருஷம் சேர்ந்து விளையாடியவன். நேரில் நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் டீமை விட்டுத் தூக்க வேண்டும் என்று திருவள்ளூரில் பஸ் ஏறினான் அன்பு.

சஹாபுதீன் எப்போதோ டைப் அடித்துச் சொல்லியிருந்த ஊத்துக்கோட்டை பிரவுசிங் சென்டர்.

"சஹாபுதீன் யாருண்ணா? நான் அவனோட கேம் டீம்."

கடைக்காரர் மூலையில் உட்கார்ந்திருந்தவனைக் காட்டினார்.

"டேய் சஹா!"

அவன் திரும்பவில்லை.

"ஒன்னத்தான்டா! நேர்ல வந்தும் இவ்ளோ திமிரா?"

"ஏன்பா கத்திக்கினு கீறே?" என்றார் கடைக்காரர். "அவனுக்குப் பொறந்ததுலேர்ந்து காது கேக்காது, பேச்சும் வராது. உங்க டீம்கூட டைப் அடிக்கிறதுதான் அவனுக்குப் பேச்சே."

அன்பு மெதுவாக அருகில் போனான். அவர்கள் மூடிய பெட்டி சஹாபுதீனின் திரையில் திறந்தே இருந்தது. ஒரு மாதமாக அவன் ஒருவனே எழுதிய வரிகள். கடைசி வரி:

"அன்பு, ஏன்டா யாருமே என்கூடப் பேச மாட்டேங்கிறீங்க? நான் இன்னா தப்பு பண்ணேன்?"