பாடாதவளின் முதல் ஆல்பம்

ஜெசிந்தா தன் குரலைப் பாட்டுக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்து வெகு காலமாகிறது. படத்துக்குப் படம் அவள் குரல் பாடுகிறது, அவள்தான் பாடக்கூடாது. சமைக்கும்போது வாய் தவறி ஒரு வரி முணுமுணுத்தாலே, கம்பெனிக்காரர்கள் அவள் வீட்டுச் சுவரில் மாட்டிவிட்டுப் போன சிவப்பு விளக்கு எரியும்.

ஆனால் கொட்டாவிக்கு எரியவில்லை. பெருமூச்சுக்கும், காலையில் தொண்டையைச் செருமுவதற்கும் எரியவில்லை. அதையெல்லாம் பதிவு செய்து, கணினியில் இழுத்து, மடித்து, மின்னணு இசையாக்கித் தன் முதல் தனி ஆல்பத்தை வெளியிட்டாள். அட்டையில் அவள் பெயர் மட்டுமே இருந்தது. அது இப்படி ஓடும் என்று அவளே நினைக்கவில்லை. பஸ்ஸிலும் பல் டாக்டர் வீட்டு வாசலிலும் ஜனங்கள் அவள் அலுப்பைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒரு மதியம் கம்பெனியிலிருந்து ஓர் இளைஞன் பூங்கொத்தோடு வந்தான்.

"வாழ்த்துகள் மேடம். உங்க தொண்டையிலேர்ந்து வர்ற பாட்டெல்லாம் எங்களோடதுன்னுதானே ஒப்பந்தம்?"

"இது பாட்டு இல்லையே தம்பி. வெறும் கொட்டாவி."

"அப்படித்தான் இருந்துச்சு மேடம். இப்போ ஊரே பாட்டுன்னு கேக்குதே."

அவன் போனதும் கணவர் அமலன் டீ போட்டுக் கொண்டுவந்தார். "என்னம்மா, முகமே வாடிப் போயிருக்கு?"

"அசதியா இருக்குங்க" என்றவள், தன்னை அறியாமல் ஒரு பெருமூச்சு விட்டாள்.

சுவரில் சிவப்பு விளக்கு எரிந்தது.