நினைவுச் சுழற்கோப்பை

2025ஆம் ஆண்டு, சனவரித் திங்கள் பன்னிரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. காலையில் கடும்பனி, நண்பகலுக்குப் பின் பருவம் தப்பிய தூறல். அறுவடைக்கு நின்ற சம்பாப் பயிர் வயலெங்கும் தலை சாய்ந்துகொண்டிருந்தது.

கரும்பலகையில் எழுதப்பட்டிருந்த 'இளவழகன்' என்னும் பெயரை எழில்மொழி தம் உள்ளங்கையால் அழித்தார். அழித்த இடத்தில் 'அப்துல் மஜீது' என்று அழுத்தி எழுதினார். சாக்பீஸ் இரண்டாக ஒடிந்து தரையில் விழுந்தது.

திருத்துறைப்பூண்டி முள்ளியாறு கூடைப்பந்துக் கழகத்தின் அறையில் நால்வர் கூடியிருந்தனர். பொங்கல் போட்டிக்கு முதன்முறையாக ஒரு நினைவுச் சுழற்கோப்பை வழங்கப்படவிருந்தது. கழகம் கண்ட தலைசிறந்த ஆட்டக்காரர் எவரோ, அவர் பெயரை அதில் பொறித்தல் வேண்டும். தஞ்சாவூரில் பெயர் பொறிப்பவரோ மாலை ஆறு மணிக்குக் கடையை அடைத்துவிடுவார்.

மஜீது மாரடைப்பால் மறைந்தவர். இளவழகன் படகு எஞ்சின் பழுது பார்ப்பவர். கோடியக்கரையில் தாம் சரிசெய்த எஞ்சினைச் சோதிக்க அந்தப் படகிலேயே ஏறிக் கடலுக்குள் சென்றார். அன்று எழுந்த சூறைக்காற்றுக்குப் பின் அந்தப் படகு கரை திரும்பவில்லை.

எழில்மொழி கழகத்தின் பொருளாளர். பெண்கள் அணியின் முன்னாள் தலைவி. பந்தைத் தட்டுவதற்கே இளவழகனிடம் கற்றுக்கொண்டவர். அவரே இளவழகனை எதிர்த்து நின்றது தலைவர் அண்ணாதுரையின் சினத்தை மூட்டியது.

"ஏம்மா, வேற யாராச்சும் சொன்னா பொறுத்துக்கலாம். நீ சொல்லலாமா?"

"நான்தான் சொல்லணும் தலைவரே. அவரு எடது கைப் பக்கம் போகவே மாட்டாரு. ஃப்ரீ த்ரோ குடுத்தா கை நடுங்கும். கோவம் வந்தா பந்தத் தூக்கி ஆத்துல எறிவாரு. அவரா பெரிய ஆட்டக்காரரு?"

செயலாளர் காதர் மைதீன் மேசையை ஓங்கி அறைந்தார். அவர் மஜீதின் உடன்பிறந்த தம்பி. எனினும், தம் அண்ணன் உயிரோடு இருந்திருந்தால் அவரே இளவழகனுக்குத்தான் கை தூக்கியிருப்பார் என்று கூறினார். மன்னார்குடி இறுதியாட்டத்தில், எதிரணியினர் இருவர் மேலே விழுந்து அழுத்தியபோதும் பந்தைக் கூடைக்குள் செலுத்தியவர் யார் என்று வினவினார். அந்தப் பந்தைக் கைக்கு வாகாகத் தள்ளிக் கொடுத்தவர் மஜீது அண்ணன் அல்லவா என்று எழில்மொழி சீறினார்.

"எங்க அண்ணனுக்காக எங்கிட்டயே சண்டைக்கு வர்றியா? கத்துக்குடுத்தவரையே கவுக்கிறியே, ஒனக்கே நல்லா இருக்கா?"

"இருக்குண்ணே. ஒங்க அண்ணன அடக்கம் பண்ணத் தூக்கிட்டுப் போனப்ப, பள்ளிவாசத் தெரு முனை வரைக்கும் நானும் அழுதுகிட்டு வந்தேன். அவரு பேரப் போடுங்க."

இந்த மறுமொழிக்கும் ஆட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று காதர் மைதீனுக்கு விளங்கவில்லை. விளங்காமையால் அவர் குரல் மேலும் உயர்ந்தது.

இளைஞர் அணித் தலைவன் பரணிதரன் இடையில் புகுந்து சூட்டைத் தணிக்க முயன்றான். அமெரிக்கக் கூடைப்பந்தில் ஜோர்டான் பெரியவரா லெப்ரான் பெரியவரா என்று உலகமே அடித்துக்கொள்கிறது, அதற்கே இன்னும் தீர்ப்பு வரவில்லை என்றான். பேசாமல் அந்த இருவரில் ஒருவர் பெயரைப் பொறித்துவிட்டால் ஊரில் சண்டை இராது என்றும் சொல்லிவைத்தான்.

"உசுரோட இருக்கறவனுக்கு எவன்டா நினைவுக் கோப்ப குடுப்பான்? வாய மூடிட்டு ஒக்காரு" என்று காதர் மைதீன் அதட்டினார். ஒருவரும் சிரிக்கவில்லை.

அண்ணாதுரை எழுந்து மஜீதின் பெயரைத் துடைத்துவிட்டு, மீண்டும் 'இளவழகன்' என்று எழுதினார். எழில்மொழி மீண்டும் அழித்தார். இம்முறை அவர் கை பலகையில் பட்ட ஓசை, அறைந்ததைப் போல் கேட்டது.

வாக்கெடுப்பு நடந்தது. ஆடவர் மூவரும் இளவழகனுக்குக் கை உயர்த்தினர். அண்ணாதுரை வெற்றிக் களிப்பு ஏதுமின்றிக் கைப்பேசியை எடுத்துத் தஞ்சாவூருக்குப் பேசலானார்.

"எழுதிக்குங்க. முள்ளியாறு கூடைப்பந்துக் கழகம். அடுத்த வரி, இளவழகன் நினைவுச்..."

எழில்மொழி பாய்ந்து கைப்பேசியைப் பறித்து இணைப்பைத் துண்டித்தார். நாற்காலி பின்புறமாகச் சாய்ந்து விழுந்தது. அண்ணாதுரையின் முகம் சிவந்தது.

"பொம்பளப் புள்ளையாச்சேன்னு பாக்கிறேன். இல்லாட்டி நடக்கறதே வேற. அவருக்கு இந்த ஊரு செய்யற ஒரே மரியாதை இதுதாம்மா. அதையும் கெடுக்கிற அளவுக்கு அவரு மேல ஒனக்கு என்ன கோவம்?"

தூறலில் நனைந்திருந்த கனகாம்பரச் சரம் எழில்மொழியின் தலையிலிருந்து நழுவித் தோளில் தொங்கியது. சாக்பீஸ் தூள் படிந்த கையால் அதை எடுத்து, கூந்தலில் மீண்டும் அழுத்திச் செருகிக்கொண்டார். அதைக் கண்ட அண்ணாதுரை தம் பார்வையைத் தாழ்த்தினார்.

"அந்த 'நினைவு'ங்கிற வார்த்தை இல்லாம கோப்ப குடுப்பீங்களா தலைவரே?"

அப்படி ஒரு கோப்பையை இந்த வட்டாரத்தில் எவரும் கண்டதில்லை. காதர் மைதீனின் கை மேசை மேலேயே நின்றுவிட்டது. தஞ்சாவூரிலிருந்து வந்த அழைப்பு எழில்மொழியின் கைக்குள் ஒலித்து ஓய்ந்தது.

"எம் புருசன் இன்னும் சாகலைங்க."

தீர்மானம் எதுவும் எழுதப்படாமல் கூட்டம் கலைந்தபோது, மாலை மணி ஐந்து ஐம்பத்திரண்டு.