பட்டன் சின்னது

பெரிய மெஷினைக் கையில் எடுத்த உடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது, இதை வாங்காமல் இந்தக் கடையை விட்டு நகரப் போவதில்லை என்று.

பழைய கேம் மெஷினையே ஊதிப் பெரிதாக்கியது போல் இருந்தது. திரை அகலம், ஓரமெல்லாம் வழவழப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் பட்டன்கள். பழசில் சட்டைப் பட்டன் அளவு என்றால் இதில் கோட்டுப் பட்டன் அளவு.

"மாமா, இங்க பாருங்க. உங்க விரலுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு."

கணவனை அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள். டயர் கடையில் வேலை. நட்டுகளை முடுக்கியும் கழற்றியும் அவருடைய கட்டைவிரல்கள் இரண்டும் தடித்துப் போயிருந்தன. பழைய மெஷினில் ஒரு பட்டனை அழுத்தினால் பக்கத்துப் பட்டனும் கூடவே அமுங்கிவிடுகிறது என்பது அவருடைய தீராத புலம்பல்.

வீட்டில் இருவருக்கும் ஆளுக்கொரு பழைய மெஷின் உண்டு. சாப்பிட்டு முடித்ததும் கார்ப் பந்தயம் விடுவார்கள். தோற்றவர் பாத்திரம் கழுவ வேண்டும்.

இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவரே மாமாதான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டார். கடைசியில் வரும் பாலத்து வளைவில் தினமும் காரைத் தண்ணீரில் இறக்குவார். "பட்டன் சின்னது" என்று முனகிக்கொண்டே சமையலறைக்குப் போவார். அவள் காலை நீட்டிக்கொண்டு கிண்டல் செய்வாள்.

ஜெயிப்பது ருசிதான். ஆனால் எதிராளியின் கையைக் கட்டிப்போட்டு ஜெயிப்பதில் என்ன பெருமை இருக்கிறது? ஒரு தடவையாவது சரிசமமாக ஆடி மாமாவை மண்ணைக் கவ்வ வைக்க வேண்டும். அப்புறம்தான் சாம்பியன் என்று கூசாமல் சொல்லிக்கொள்ள முடியும். அதற்குத்தான் அவருக்கு இந்தப் பெரிய மெஷின்.

மாமாவோ குற்றப்பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். கனமாக இருக்கிறதாம். சட்டைப் பையில் நுழையாதாம். உள்ளே இருப்பதெல்லாம் அதே பழசுதானாம், உடம்பை மட்டும் பெருக்க வைத்திருக்கிறார்களாம்.

பேச்சுதான் அப்படி. கை அதைக் கீழே வைக்கவே இல்லை. கண் திரையிலேயே ஒட்டிக்கிடந்தது. ஆசையை மறைக்கத் தெரியாத மனுஷர்.

கடைக்காரப் பெண் சிரித்தாள். பெரியதில் ஓர் ஆட்டம், பழைய மாடலில் ஓர் ஆட்டம் தன்னோடு ஆடிப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும் என்றாள். இந்தக் கடையில் தன்னை இதுவரை யாரும் ஜெயித்ததில்லை என்றும் சும்மா இருக்காமல் சொல்லி வைத்தாள்.

மாமா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

அவள் உறை பார்க்கப் போனாள். மெஷின் நிச்சயம் என்றான பிறகு உறை எதற்குக் காத்திருக்க வேண்டும்? நீலத்தையும் சிவப்பையும் புறங்கையால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். விரல்களில் களிம்பு தடவியிருந்தது, துணியில் பட்டால் கறையாகிவிடும். பியூட்டி பார்லரில் நாள் முழுக்கத் தலை அலசிவிடும் வேலை அவளுக்கு. ஷாம்பூவும் வெந்நீரும் பட்டுப் பட்டு விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது.

சிவப்பு உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பியபோது மாமா முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அவருடைய தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

பாலத்து வளைவு வந்தது.

மாமாவின் கார் அலுங்காமல் குலுங்காமல் திரும்பியது. அந்தத் தடித்த கட்டைவிரல் ஒரே ஒரு பட்டனை, அதையும் பட்டும் படாமலும் அழுத்தியது. கடைக்காரப் பெண்ணின் கார் எங்கோ பின்னால் வந்துகொண்டிருந்தது.

அவளுக்கு விசிலடிக்க வேண்டும் போல இருந்தது. பெரிய பட்டன் என்றால் சும்மாவா?

வாய்க்குக் கொண்டுபோன விரல் பாதியில் நின்றது.

பெரிய மெஷின் கடைக்காரப் பெண்ணின் கையில் இருந்தது. மாமா ஆடிக்கொண்டிருந்தது பழசில்.

அப்படியானால் இத்தனை நாளில் அவள் ஓர் ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. சாம்பியன் பட்டம் நின்ற இடத்திலேயே பொலபொலவென்று உதிர்ந்தது. முதலில் கோபம்தான் வந்தது. வீட்டுக்குப் போய் வைத்துக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்தாள்.

பிறகுதான் அந்த மெஷின்கள் வீட்டுக்கு வந்த நாள் நினைவுக்கு வந்தது.

பார்லரில் சேர்ந்த புதிது. முதல்முறையாக விரல் வெடித்து, சோப்புத் தண்ணீர் பட்டதும் கையை உதறிக்கொண்டு நின்றாள். மாமா ஓடிவந்து தட்டை வாங்கினார். நாளெல்லாம் டயர் தூக்கிவிட்டு வந்த மனுஷரைப் பாத்திரத்தில் கைவைக்க விடுவதா என்று அவள்தான் விரட்டியடித்தாள். மறுநாள் சாயங்காலம் இரண்டு மெஷின்களோடும் ஒரு பந்தயத்தோடும் அவர் வந்து நின்றார்.

இந்த மனுஷரைக் கட்டிக்கொண்டதற்காக அந்தக் கடை நடுவிலேயே அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மாமா எதேச்சையாகத் திரும்பினார். அவளைப் பார்த்ததும் முகம் வெளிறியது. முடிவுக் கோட்டைத் தொடப் போன கார் சடாரென்று விலகிச் சுவரில் போய் முட்டியது.

"பட்டன் சின்னது" என்றார்.

அவள் சிவப்பு உறையை மேசைமேல் வைத்தாள். பெரியதையே கட்டித் தரச் சொன்னாள். மாமா எச்சில் விழுங்கினார். அந்த மெஷின்மேல் அவருக்கு எவ்வளவு ஆசை, எவ்வளவு பயம் என்று இப்போது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

"ஆனா ஒண்ணு மாமா, இதுல பட்டன் எல்லாம் ரொம்பத் தள்ளித் தள்ளி இருக்கு. உங்க விரல் எட்டுமான்னுதான் சந்தேகமா இருக்கு."

மாமா அவள் முகத்தைப் பார்த்தார். அவளுடைய விரல்களைப் பார்த்தார். பிறகு பெட்டியை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். முகமெல்லாம் பல்.

"எட்டாது" என்றார்.