கேள்வி நம்பர் பதினாலு

மச்சான், உன்னத்தான். காலையில எத்தினி மணிக்கு எழுந்திருக்கிறே? கையில காபி டம்ளர் வந்தப்புறந்தானே கண்ணையே தொறக்குறே? சிரிக்காதே. இந்தக் கேள்விதான் ஆவடி குவார்ட்டர்ஸ்ல ஒரு பொம்பளையோட வேலையைக் காவு வாங்கிச்சு.

வனஜா. காலேஜ்ல டெம்ப்ரவரி லெக்சரர். ஆறு வருசமா டெம்ப்ரவரி. ஜூன்ல கூப்புடுவாங்க, ஏப்ரல்ல தொரத்திடுவாங்க. புருசன் வேலுசாமிக்கு பட்டாளத்து டாங்கி செய்ற பாக்டரியில வேலை.

அந்த வருசம் ஒரு பர்மனென்ட் போஸ்ட் வந்துச்சு. மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ள பி.எச்.டி. தீசிஸைக் குடுத்தாத்தான் அது கெடைக்கும். போட்டிக்கு ஆனந்தன்னு ஒரு ஆளு.

"ஆனந்தன் எப்பவோ குடுத்துட்டான்மா," ன்னார் கைடு ரகுநாதன். "அவனுக்குக் கொழம்பு வைக்கிற வேலை இல்ல பாரு."

"கடைசி டேபிள் மட்டுந்தான் சார் பாக்கி. நாளைக்கு டைப்புக்குக் குடுத்துடறேன்."

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல வேலை செய்ற பொம்பளைங்க ஒரு நாளை எப்படி ஓட்டுறாங்க? அதான் தீசிஸ். எரநூறு பேர், ஆளுக்கு ஒரு கேள்வி பாரம், அதுல இருபது கேள்வி.

மறுநா காலையில, ரயில்ல உக்காந்துகினு, கடைசி அறுபது பாரத்தை மடியில வெச்சு எண்ணிகினே வந்தா வனஜா. பதினாலாவது கேள்வி, காலையில எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க?

முத பாரம், ஏழு மணி. ரெண்டாவது, ஏழு. மூணாவது, ஏழு. கடைசி வரைக்கும் தள்ளிப் பாத்தா. எல்லாமே ஏழு.

எஸ்டேட்ல மொத ஷிப்ட்டே ஆறு மணிக்கு. ஏழு மணிக்கு எழுந்து ஆறு மணிக்கு வேலைக்குப் போற அதிசயப் பொம்பளைங்க, அறுபது பேர்.

யாரையும் கேக்காம ரொப்புன பாரம். யார் ரொப்புனதுன்னு அப்புறம் சொல்றேன்.

அப்படியே குடுத்தாலும் ஒருத்தரும் கண்டுபுடிக்கப் போறதில்ல. ரகுநாதன் சாரே ஏழு மணிக்கு எழுந்திருக்கிற ஆளு. அவருக்கு எங்க சந்தேகம் வரும்?

கொரட்டூர் வந்துச்சு. டைப்பிங் இன்ஸ்டிடியூட் ஸ்டேசனுக்கு எதிர்லயே. வனஜா எழுந்தா. மறுபடி உக்காந்துட்டா. வண்டி கெளம்பிடுச்சு.

நேரா கைடு ரூம்.

"சார், அறுபது பாரம் செல்லாது. மறுபடியும் எடுக்கணும். ரெண்டு மாசம் டைம் வேணும்."

"செல்லாதுன்னா?"

"யாரையும் கேக்காம எழுதினது."

"யார் எழுதினது?"

"நான்தான் சார்."

ரகுநாதன் கண்ணாடியைக் கழட்டி வெச்சார். "இதுக்குத்தான் குடும்பப் பொம்பளைங்களே வேணாம்னேன். போஸ்ட் போனப்புறம் எங்கிட்ட வந்து அழக்கூடாது."

போஸ்ட் போச்சு. ஆனந்தனுக்கு ஆர்டர் வந்துச்சு.

சேதி குவார்ட்டர்ஸ் தண்ணிக் கொழா வரைக்கும் வந்துடுச்சு. "டீச்சரே டூப்பு உட்டா, அதுங்கிட்ட படிக்கிற புள்ளைங்க இன்னா ஆவும்?" ன்னு கேட்டா பக்கத்து ஊட்டு சுசீலா. வனஜா கொடத்தைத் தூக்கிகினு போனா. வேலுசாமியும் ஒரு வாரம் அவகிட்ட மொகம் குடுத்துப் பேசல.

தெனம் காலையில அஞ்சே முக்காலுக்கு எஸ்டேட் கேட்டாண்ட போய் நின்னா வனஜா. ஒரு நாளைக்கு ரெண்டு பேரு மாட்டுவாங்க, இல்லாட்டி ஒருத்தர். அப்படி ஒரு நாள் கன்னியம்மான்னு ஒரு பொம்பளை, பாரிவாக்கத்துலேர்ந்து வர்றது.

"எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்கம்மா?"

"மூணே முக்கா. நீ?"

"நாலு."

"அப்ப என்னாண்ட ஏன் கேக்குறே? ஒனக்கே தெரியுமே."

"தெரியாதவங்க இருக்காங்கம்மா. அவங்களுக்காகத்தான்."

ஜூன்ல தீசிஸைக் குடுத்தா. மறு வருசம் வேற காலேஜ்ல பர்மனென்ட் வேலை. இப்ப டாக்டர் வனஜா. ஆனா கொழாயடியில இன்னிக்கும் பேரு டூப்பு டீச்சர்தான்.

சரி, அந்த அறுபது பாரம்.

வனஜா எங்க அண்ணி. காலேஜை பாதியில உட்டுட்டு அண்ணன் ஊட்ல குந்திகினு துன்னுகினு இருந்தேனா, "இந்த ஒரு வேலையையாவது முழுசா செய்டா" ன்னு அறுபது பாரத்தை எங்கிட்ட குடுத்தாங்க. அவங்க கண்ணுல படாம ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போவாண்ட ஒரு டீக்கடையில ஒக்காந்து, ஒரே மத்தியானத்துல ரொப்பிட்டேன். கொழாயடியில பேசினாங்களே, அப்பவும் பக்கத்துல பல்லு வெளக்கிகினு நின்னேன். வாயைத் தொறக்கல.

ஏழு மணின்னு எழுதுனப்ப, அதுவே ரொம்ப சீக்கிரம்னு நெனச்சேன். நாலு மணிக்கு எழுந்து எனக்கும் சேத்து அவங்க சோறு கட்டி வெச்சதை நான் ஒரு நாளும் பாத்ததில்ல.

தூங்கிகினு இருந்தேன்.